பழைய ஆல்ட்டோவுக்கு வீட்டிலேயே பெயிண்ட்: முதல் தடவை, எங்கே தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறை_வாசி | ஜனவரி 4

வணக்கம்ங்க எல்லாருக்கும். போன மாதம் பொள்ளாச்சியில் ஒருவரிடம் 2011 மாடல் ஆல்ட்டோ வாங்கினேன். வெள்ளை நிறம். இன்ஜின் நன்றாக இருக்கிறது, டயர் நாலும் புதுசு. வெளித்தோற்றம்தான் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கூரையிலும் பானெட்டிலும் தடவினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறது. வலது முன் மட்கார்டின் விளிம்பில் துரு. இடது பின் கதவுக்கு முன்பு வைத்திருந்தவர் பிரஷ்ஷிலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார், கோடு கோடாகத் தெரிகிறது.

பட்டறையில் விசாரித்தேன். முழு வண்டிக்கும் அவர்கள் சொன்ன தொகை, வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். அவ்வளவு முடியாதுங்க. 15 வருடம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குள் துருவையாவது சரிசெய்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மச்சானிடம் 2 எச்.பி. கம்ப்ரஸர் இருக்கிறது. கேட்டுக்கு பெயிண்ட் அடித்திருக்கிறேன், வண்டிக்கு அடித்ததில்லை.

பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிப்பதா, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) அடிப்பதா? எந்த மாதம் நல்லது? இங்கே இப்போது கிழக்குக் காற்று விடாமல் அடிக்கிறது. வீட்டில் அம்மாவும் 4 வயது மகளும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பமெட்டு_ஜீப் | ஜனவரி 4

தம்பி, பெயிண்ட் டப்பா வாங்குவதற்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பானெட்டில் ஒரு சாண் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்துப் பாருங்க. பொடி ஒட்டுகிறது என்பதாலேயே பெயிண்ட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெயிலில் மேல் தோல்தான் முதலில் சிதையும், அடியில் நல்ல நிறம் இருக்கலாம். என் ஜீப்பின் இரண்டு பக்கமும் அப்படித்தான் மீண்டது. அடித்தது கூரை மட்டும்தான்.

அப்புறம் பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து வண்டி முழுக்க வைத்துப் பாருங்க. எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே தகரத்துக்கு மேல் கனமாக பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை, இருக்கிறது. இதை வாங்கும் முன்னாடியே பார்த்திருக்கணும், பரவாயில்லை.

நகரி_தறிக்காரர் | ஜனவரி 5

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன், அதற்கு முன் காகித விஷயம். நாங்களும் எல்லையில் இருப்பவர்கள், இந்த அலைச்சல் தெரியும். தமிழ்நாட்டு எண் உள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் கேரளாவில் இருக்கப் போகிறது என்றால் அங்கே பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், 47-ஆம் பிரிவு. பொள்ளாச்சியிலிருந்து ஆட்சேபமில்லாச் சான்று வாங்கினீர்களா? 15 வருடம் முடிவதும் இதுவும் ஒன்றாக வந்தால் இரண்டு பக்கமும் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, அதே வெள்ளையை அடித்தால் யாரையும் கேட்க வேண்டாம். நிறம் மாற்றுவது என்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அதில் நிறம் எழுதியிருக்கிறது. ராணுவப் பச்சையை மட்டும் யோசிக்கவே வேண்டாம், அது ராணுவ வண்டிகளுக்கே உரியது.

கொழிஞ்சாம்பாறை_வாசி | ஜனவரி 5

சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேனுங்க. நிறம் மாற்றும் எண்ணம் இல்லை. இன்ஜின் பெட்டிக்குள் தகட்டில் 26யு என்று போட்டிருக்கிறது, சுப்பீரியர் ஒயிட் என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

ஜீப் அண்ணா, சொன்னபடி செய்தேன். நாலு கதவில் மூன்று தப்பித்தன! டிக்கியும் பளிச்சென்று வந்துவிட்டது. பானெட்டில் மட்டும் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது, உடனே நிறுத்திவிட்டேன். கூரையும் அதே நிலைமை. மட்கார்டில் காந்தம் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆக இப்போது கூரை, பானெட், வலது மட்கார்டு, இடது பின் கதவு. நாலு இடம்.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | ஜனவரி 6

தம்பி, சாம்பல் தெரிந்தது பிரைமர், நிறத்துக்கு அடியில் அடிக்கிற பூச்சு. அந்த இடத்தில் நிறுத்தியது சரி.

நான் 31 வருடம் பட்டறையில் பெயிண்டராக இருந்தவன். முதலில் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வண்டி பெயிண்டிங்கில் ஸ்ப்ரே கன் பிடிக்கிற நேரம் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீதி முழுக்கத் தேய்ப்பு. தேய்ப்பை வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்யலாம், அவசரமே இல்லை.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். நிறையப் பேர் மாற்றிச் செய்வார்கள். வண்டியின் மேல் பழைய பாலிஷ், டேஷ்போர்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, கை எண்ணெய் எல்லாம் படிந்திருக்கும். அதன் மேல் எமரித் தாள் போட்டால் எண்ணெயைக் கீறலுக்குள் அழுத்திவிடுகிறோம். பிறகு பெயிண்ட் அடிக்கும்போது சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும், மீன்கண் என்போம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எண்ணெய் நீக்குகிற திரவத்தால் ஒரு துணியில் துடைத்து, அது காய்வதற்குள் வேறு சுத்தத் துணியால் எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாக வைப்பீர்கள். வேலை நாளில் தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், நெற்றியைத் துடைத்த கையால் பேனலைத் தொடாதீர்கள்.

மட்கார்டில் இருக்கிற பழைய பட்டியை முழுசாகக் கொத்தி எடுங்கள். அதன் மேல் புதுப் பட்டி பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் கொப்பளித்து வரும். துருவைக் கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி போட்டு வெள்ளைத் தகரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். குழிக்குள் ஒளிந்திருக்கிற துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கடையில் கிடைக்கும், டப்பாவில் சொன்னபடி பூசிக் காயவிட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். தகரம் ஓட்டையாகிவிட்டால் பட்டியால் அடைக்க வேண்டாம், டிங்கரிடம் போய் தகரம் வைத்து ஒட்டுங்கள். ஆய்விலும் அது கண்ணில் படலாம்.

வெறும் தகரம் தெரிந்த அன்றே எப்பாக்சி பிரைமர் பூசிவிட வேண்டும். ராத்திரி பனியில் விட்டால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடை வண்டியில் பூசாதீர்கள்.

பிறகுதான் பட்டி. பட்டியை இறுக வைக்கிற ஹார்ட்னர் எடையில் 100-க்கு 2. குறைந்தால் இறுகாது, அதிகமானால் மேலே அடித்த வெள்ளையில் பல நாள் கழித்துக் கறை ஏறும். கோலி அளவு எடுத்து, தட்டில் தேய்த்துத் தேய்த்துக் கலந்து, மெல்லிசாக இழுங்கள். இரண்டு மூன்று தடவை இழுக்கலாம், ஒரேயடியாக அப்பக் கூடாது.

நகரி_தறிக்காரர் | ஜனவரி 6

அண்ணாச்சி சொன்ன கோலி அளவை நான் வழிமொழிகிறேன். சித்திரையில் எங்கள் ஊர் வெயிலில் ஒரு உள்ளங்கை நிறையக் கலந்தேன். பாதி இழுப்பதற்குள் தகட்டிலேயே கல்லாகிவிட்டது. நிழலில், காலை 9 மணிக்குள் பட்டி வேலையை முடிப்பது நல்லது.

கொழிஞ்சாம்பாறை_வாசி | ஜனவரி 6

அண்ணாச்சி, இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றிங்க. பிரிண்ட் எடுத்துக் கொட்டகையில் ஒட்டப் போகிறேன். தேய்ப்பது தண்ணீர் போட்டா, காய்ந்த நிலையிலா? யூட்யூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கம்பமெட்டு_ஜீப் | ஜனவரி 7

பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கவே கூடாது. பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் மூடிய பிறகு அந்த ஈரம் தகரத்துக்குத்தான் போகும். என் ஜீப்பில் அப்படித்தான் ஆறு மாதத்தில் கொப்புளம் வந்தது.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | ஜனவரி 7

சொல்வது உண்மை. ஆனால் நாங்கள் அத்தனை வருடமும் தண்ணீர் போட்டுத்தான் தேய்த்தோம். பட்டறைக்குள் தூசி பறந்தால் பக்கத்து வண்டி கெடும், அதனால்தான். தேய்த்துவிட்டு வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைப்போம். அந்தக் காயவைக்கிற நேரத்தைக் குறைத்த வண்டிதான் திரும்பி வரும். நீங்கள் வீட்டில் செய்கிறீர்கள், அவசரமில்லை. பட்டியைக் காய்ந்த நிலையில் 80, 120, 180 போட்டு இறக்குங்கள். அதன் மேல் சர்ஃபேசர் (தேய்த்துச் சமன்செய்வதற்காக அடிக்கிற பூச்சு) போட்ட பிறகு தண்ணீர் போட்டு 400, 600, கடைசியில் 800.

விரலால் எமரியைப் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். பழைய ஹவாய் செருப்பை அளவாக வெட்டி அதில் எமரியைச் சுற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பட்டறையில் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தோம். கண்ணை நம்ப வேண்டாம், கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அதுவும் பத்தாது என்றால் சர்ஃபேசர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவிவிட்டுத் தேயுங்கள். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்.

குழித்துறை_டீச்சர் | ஜனவரி 7

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வேதியியல் ஆசிரியை, என் வண்டியின் சின்னச் சின்ன பெயிண்ட் வேலைகளை நானே செய்வேன். கடல்காற்றில் எங்கள் ஊரில் துரு ஒரு தொடர்கதை.

காய்ந்த நிலையில் தேய்க்கும்போது பறக்கும் தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தப் பின் கதவில் முன்னால் இருந்தவர் பூசியது என்ன பெயிண்ட் என்று தெரியாது. பழைய பெயிண்டுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பில், ஈயம் உண்டு. 2016-இல் வந்த விதி வீட்டுப் பெயிண்டுகளுக்கும் அலங்காரப் பெயிண்டுகளுக்கும்தான் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தியது. 4 வயதுக் குழந்தை தரையில் விளையாடி, கையை வாயில் வைக்கும். ஆகவே பழைய பெயிண்டைத் தண்ணீர் போட்டுத் தேயுங்கள், பட்டியை மட்டும் காய்ந்த நிலையில். என்95 முகக்கவசம் தூசிக்குப் போதும். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் போக வேண்டாம். வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்க வேண்டாம்.

நான் எழுத வந்தது இதைவிடப் பெரிய விஷயம். பி.யு. பெயிண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதில் கலக்கும் ஹார்ட்னர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், சிறிய எழுத்தில் ஐசோசயனேட் என்றிருக்கும். 1984-இல் போபாலில் கசிந்ததும் ஒரு ஐசோசயனேட்தான். அது மெத்தில் ஐசோசயனேட், இது வேறு, அந்த அளவு உடனடி நஞ்சும் இல்லை. ஆனால் கன்னில் அடிக்கும்போது பனியாகப் பறந்து நுரையீரலுக்குள் போனால், சிலருக்கு உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கப்புறம் மிகக் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா வரும். அது திரும்பாத மாற்றம். வாசனையை வைத்து ஜாக்கிரதையாக இருக்கவும் முடியாது, மூக்குக்குத் தெரியும் அளவு வருவதற்குள் தேவைக்கு மேல் உள்ளே போயிருக்கும். என்95 இந்த ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய முகமூடிக்கு எப்போது சக்தி தீர்ந்தது என்று நமக்குத் தெரியாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடிதான் இதற்குச் சரியானது.

தென்னந்தோப்புக் கொட்டகையில், காற்று வீட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில், தயவுசெய்து பி.யு. அடிக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_வாசி | ஜனவரி 7

இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க டீச்சர். கடையில் பி.யு. கேட்டேன், ஹார்ட்னரையும் சேர்த்துக் கட்டித் தந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

நகரி_தறிக்காரர் | ஜனவரி 8

எல்லா ஊரிலும் ரோட்டோரப் பட்டறைகளில் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்களே டீச்சர். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையா?

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | ஜனவரி 8

ஆகிறது தம்பி. நான் அந்தக் கைக்குட்டைக்காரன்தான்.

தொடங்கிய காலத்தில் எல்லாம் என்.சி. பெரியவர்கள் டியூக்கோ என்பார்கள். நெடி தலைவலிக்கும், இரண்டு டீ குடித்தால் சரியாகும் என்று நினைப்போம். பிறகு பி.யு. வந்தது. நெடி குறைவு, பளபளப்பு அதிகம், பாலிஷ் வேலை மிச்சம். எல்லோரும் மாறினோம். நெடி குறைவாக இருந்ததால் கைக்குட்டையையும் கழற்றிவிட்டு அடித்த நாட்கள் உண்டு. ஒன்பது பத்து வருடத்தில் சாயந்திரமானால் நெஞ்சு இறுக்கம், ராத்திரி விசில் சத்தம். சாரல் காலம் என்பதால் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும், திங்கள் ராத்திரி திரும்ப வரும். டாக்டர் அதைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். இப்போது பக்கத்துத் தெருவில் யாராவது கன் எடுத்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

தம்பி, டீச்சர் சொன்னதைக் கேளுங்கள். தேய்ப்பு, துரு, பட்டி எல்லாம் உங்கள் கொட்டகையில் செய்யுங்கள். வெயில் நேராக விழுகிற கூரைக்கும் பானெட்டுக்கும் பி.யு.தான் நிற்கும், என்.சி. சீக்கிரம் மங்கும். அந்த இரண்டையும் முழுக்கத் தயார்செய்து, பூத், அதாவது பெயிண்ட் அடிப்பதற்கென்றே அடைத்த அறை, இருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோய், அடிக்கிற கூலி மட்டும் பேசுங்கள். தயார்செய்த வண்டி என்றால் கூலி நிறையக் குறையும், ஏனென்றால் அவர்களுடைய நாள் முழுக்கத் தேய்ப்பில்தான் போகிறது. மட்கார்டையும் கதவையும் என்.சி.யில் நீங்களே அடியுங்கள். முதல் தடவைக்குக் கதவு நல்ல அளவு.

என்.சி.யிலும் ஜாக்கிரதை வேண்டும். ஐசோசயனேட் இல்லையே தவிர ஆவி உண்டு, அதற்குக் கரி முகமூடி போடுங்கள். அதைவிட நெருப்பு. நைட்ரோசெல்லுலோஸ் என்பது வெடிமருந்துக்குத் தம்பி முறை. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் செய்கிற கார்டைட்டும் அந்தச் சரக்குதான். அடிக்கிற நேரத்தில் அம்மா விளக்கு ஏற்றக் கூடாது, கேஸ் அடுப்பு எரியக் கூடாது, கம்ப்ரஸர் சுவிட்ச் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும்.

கம்பமெட்டு_ஜீப் | ஜனவரி 9

அண்ணாச்சி, இதை எழுதியதற்குக் கும்பிடுறேன். என் மச்சினன் மகன் போன வருடம் பட்டறையில் சேர்ந்தான். இன்று ராத்திரி அவனிடம் இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.

கொழிஞ்சாம்பாறை_வாசி | ஜனவரி 26

பொங்கல் விடுமுறை முழுக்க எமரியும் கையுமாக இருந்தேனுங்க. ஹார்ட்னரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மட்கார்டில் பழைய பட்டியைக் கொத்தியதில் ஒரு விரல் கனத்துக்கு வந்தது, அடியில் சரிசெய்யாத ஒடுக்கு. டிங்கரிடம் போய் ஒடுக்கு எடுத்து, ஒரு ரூபாய் அளவு ஓட்டைக்குத் தகரம் ஒட்டி வந்தேன். எப்பாக்சி பூசினேன். பட்டி மூன்று தடவை. கண்ணை மூடித் தடவிப் பார்ப்பது எவ்வளவு உண்மை! கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் உள்ளங்கைக்கு அலை தெரிந்தது.

கதவின் அடியில் நாலு சின்னத் துளைகள் மண்ணால் அடைத்திருந்தன. அவை எதற்கு? பட்டியால் மூடிவிடலாமா?

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | ஜனவரி 26

மூடாதீர்கள்! கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் வடிய வைத்த துளைகள் அவை. அடைத்ததால்தான் கதவின் அடி துருப்பிடிக்கிறது. கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், பெயிண்ட் அடித்த பிறகும் ஒரு தடவை குத்திவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_வாசி | பிப்ரவரி 1

ஒரு சிக்கலுங்க. இன்று காலை பின் கதவுக்கு என்.சி. சர்ஃபேசர் அடித்தேன். அஞ்சு நிமிடத்தில் அடியில் இருந்த பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கிக் கிளம்பிவிட்டது. கதவு முழுக்க. மட்கார்டில் ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப மனசு உடைந்துவிட்டது, எட்டு நாள் தேய்ப்பு. தின்னர் வாங்கிய கடையில் எந்த பெயிண்ட் மேலேயும் போகும் என்றார்கள்.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | பிப்ரவரி 1

பிரஷ் கோடு இருக்கிறது என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், நான்தான் கேட்டிருக்க வேண்டும். அது கேட்டுக்கு அடிக்கிற எனாமல். எனாமல் மேல் என்.சி. தின்னர் பட்டால் ஊறிக் கிளம்பும். ஒரு துணியில் தின்னரை நனைத்து ஒரு மூலையில் அஞ்சு நிமிடம் வைத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மட்கார்டில் எல்லாம் எடுத்துவிட்டுத் தகரத்திலிருந்து வந்ததால் தப்பித்தது.

அதன் மேல் எதையும் பூசாதீர்கள். கிளம்பியதையும் கிளம்பாததையும் தின்னர் நனைத்த துணி, கரண்டி வைத்துச் சுரண்டி முழுசாக எடுங்கள். கம்பெனி பெயிண்ட் அடியில் கெட்டியாக இருக்கும், சூட்டில் காய்ச்சியது, தின்னருக்கு அசையாது. அது தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எட்டு நாள் ஆகாது, இரண்டு நாளில் முடியும்.

குழித்துறை_டீச்சர் | பிப்ரவரி 1

கையுறை போட்டுச் சுரண்டுங்கள். துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், தண்ணீர் வாளியில் போட்டு வெளியே வையுங்கள். ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் தொடங்கினாலும் கதவு எங்கும் போகாது.

கொழிஞ்சாம்பாறை_வாசி | பிப்ரவரி 8

அண்ணாச்சி சொன்ன மாதிரியே அடியில் கம்பெனி வெள்ளை அப்படியே இருந்ததுங்க! இரண்டு நாளில் முடித்துவிட்டேன். சர்ஃபேசர் இப்போது ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. நாளைக்கு நிறம். கன் எப்படிப் பிடிப்பது, எந்தத் தின்னர், கொஞ்சம் சொல்லுங்கள். காற்று நிற்கவே மாட்டேன் என்கிறது.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | பிப்ரவரி 8

கன் முனை 1.4 மி.மீ. இருந்தால் போதும். முதலில் கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், குழாயில் ஈரம் பிடிக்கிற வடிகட்டி மாட்டுங்கள். அட்டைப் பெட்டி ஒன்றைச் சுவரில் சாய்த்து அதில் ஒரு மணி நேரம் பழகுங்கள். ஒரு சாண் தூரம், கடைசிவரை அதே தூரம். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாமல் தோளோடு சேர்த்து நகர வேண்டும். கதவுக்கு வெளியே விசையை அழுத்தி, உள்ளே வந்து, வெளியே போய் விட வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் மெல்லிசாகப் பனி மாதிரி, நிறம் மூடாவிட்டாலும் பரவாயில்லை. 10, 15 நிமிடம் விட்டு அடுத்தது. வழிந்தால் தொடாதீர்கள், காய்ந்த பிறகு 1000 போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் ஊர்க் காற்றுக்கு மெதுவாகக் காய்கிற தின்னர் கேட்டு வாங்குங்கள். வறண்ட காற்றில் பெயிண்ட் கதவைத் தொடுவதற்குள் வழியிலேயே காய்ந்து மணல் மாதிரி விழும்.

கம்பமெட்டு_ஜீப் | பிப்ரவரி 8

எனக்குக் குமுளியில் நேர் எதிர். மூடுபனி நாளில் என்.சி. அடித்தேன், கூரை முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. மண்பானையில் தண்ணீர் குளிர்கிற கதைதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் சில்லென்று ஆகி, காற்றில் இருக்கிற ஈரம் பெயிண்ட் மேலேயே படிந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் கலந்த தின்னரை மேலே ஒரு கை தூவியதும் தெளிந்தது. இரண்டு ஊருக்கும் மருந்து ஒன்றுதான் பாருங்கள், மெதுவாகக் காயவிடுவது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நீங்கள் நிறுத்த முடியாது. கிழக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுங்க, மேற்கைத் திறந்து விடுங்க, தரையில் தண்ணீர் தெளிங்க. செய்தித்தாள் ஒட்டும்போது இரண்டு மடிப்பாக ஒட்டுங்க, ஒற்றைத் தாளில் தின்னர் ஊறி மை கீழே இறங்கும்.

கொழிஞ்சாம்பாறை_வாசி | பிப்ரவரி 10

அடித்தாயிற்று!! அம்மாவும் மகளும் அத்தை வீட்டுக்குப் போன நேரத்தில், காலை ஏழரைக்கு. கதவு நாலு கோட், மட்கார்டு நாலு கோட். கதவின் கைப்பிடிக்குக் கீழே ஒரு வழிசல். மட்கார்டின் விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பு. மற்ற இடமெல்லாம் நானா அடித்தேன் என்று இருக்கிறதுங்க.

ஒரு சந்தேகம். 26யு என்று கேட்டு வாங்கியும், பக்கத்துக் கதவைவிட இது கூடுதல் வெள்ளையாக இருக்கிறதே.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | பிப்ரவரி 10

வாழ்த்துகள் தம்பி, மனசு நிறைந்தது. குறியீடு வண்டி பிறந்த நாளின் நிறத்தைத்தான் சொல்லும். பக்கத்துக் கதவு அத்தனை வருடம் வெயில் பார்த்திருக்கிறது. ஒரு வாரம் விட்டு 1500, 2000 தண்ணீர் போட்டு இறக்கி, காம்பவுண்ட் போடுங்கள். பக்கத்துக் கதவுக்கும் சேர்த்துப் போட்டால் பாதி வித்தியாசம் போய்விடும். பட்டறைக்குப் போகும்போது பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போங்கள், அதைப் பார்த்துத் துளி மஞ்சள், துளி கறுப்பு சேர்த்து அட்டையில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு, வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை_வாசி | மார்ச் 2

கூரையும் பானெட்டும் நேற்று முடிந்தனங்க. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு பூத் பட்டறை. நான் 800 வரை தேய்த்துக் கொண்டுபோனதைப் பார்த்து அந்தப் பெயிண்டர் உள்ளங்கையால் தடவிவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். முதலில் சொன்ன முழுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கூலி வாங்கினார். பெட்ரோல் மூடியை வைத்து நிறம் சேர்த்ததில் கூரைக்கும் கதவுக்கும் வித்தியாசம் தேடினால்தான் தெரிகிறது.

அவர் அடிக்கும்போது கரி முகமூடி மட்டும் போட்டிருந்தார். குழாய்க் காற்று முகமூடி பட்டறையில் இருக்கிறதாம், குழாய் காலைச் சுற்றுகிறது என்று மாட்டுவதில்லையாம். அண்ணாச்சி எழுதியதை அவருக்குக் காட்டினேன். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் வாய்விட்டுப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும், திங்கள் ராத்திரி திரும்ப வரும் என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | மார்ச் 2

அவருக்கும் அப்படி இருக்கிறதா? கேட்டீர்களா?

கொழிஞ்சாம்பாறை_வாசி | மார்ச் 2

இரண்டு வருடமாக இருக்கிறதாம், அண்ணாச்சி. உங்களிடம் பேச வேண்டும் என்றார். தனிச் செய்தியில் அவர் எண்ணை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு.

செங்கோட்டை_பழைய_பெயிண்டர் | மார்ச் 2

ஞாயிறு வரை எதற்கு. இப்போதே கூப்பிடுகிறேன்.